பங்களிக்காதது

ஹார்ட்விக் தெருவில் நாற்பத்தொரு வீடுகள்.
வீட்டுக்கொரு தாள்.
செவ்வாய்க்கிழமையிலிருந்து நடக்கிறேன்,
அளவு நாடா இடுப்பில் இடிக்க.

மிசிசிப்பி முழங்கையாய் மடங்கும் ஊர்.
மரம் அறுத்துப் பணம் பார்த்தவர்கள்
வெள்ளம் எட்டாத மேட்டில் கட்டிக்கொண்டார்கள்:
எண்கோணக் கோபுரம்,
மீன்செதிலாய் அடுக்கிய மரத்தகடு,
மிஞ்சிய காசையெல்லாம் கூரையில் ஏற்றிவைத்து.
அறுத்த கைகளின் வீடுகள் கரையோரம் இருந்தன.
அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள்.
அதற்குத் தாள் தரவில்லை.

தாளின் அடியில் இரண்டு கட்டங்கள்:
பங்களிக்கிறது, பங்களிக்காதது.
தெருவின் பழமைக்கு என்று பொருள்.
பத்தொன்பதாம் எண்ணில் சன்னலெல்லாம் பிளாஸ்டிக்,
ஆனாலும் முகம் கெடவில்லை,
போகட்டும், பங்களிக்கிறது.

இருபத்து மூன்று.
கட்டியது 1887.
முன் தாழ்வாரத்தின் மரக்கிராதி
பாதியில் அறுபட்டிருக்கிறது.
அங்கிருந்து புல்தரைவரை
பலகையில் ஒரு சரிவுப்பாதை.
குனிந்து அளந்துகொண்டிருந்தேன், கதவு திறந்தது.
ஆர்வின் ட்யார்க்ஸ், பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
"பன்னிரண்டுக்கு ஒன்று" என்றார், கேட்காமலே.
"முதலில் கட்டியது செங்குத்து.
சக்கர நாற்காலியோடு லூயெல்லா கத்திக்கொண்டே இறங்குவாள்.
பயத்தில் இல்லை, குஷியில்.
அதனால்தான் பிரித்துக் கட்டினேன்."

அறுத்த கிராதி என்ன ஆயிற்று என்றேன்.
உள்ளே போய்
செய்தித்தாளில் சுற்றிய கடைசல் கால்களோடு வந்தார்,
ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண்.
ஒன்று முதல் எட்டு. ஐந்து மட்டும் இல்லை.
"நாய்" என்றார்.

லூயெல்லா போய் ஆறு வருடமாம்.
சரிவில் நான்கு பலகைகள்
இன்னும் பைன் வாசனையோடு மஞ்சளாக இருந்தன.
போன மாதம் மாற்றியவை.
நான் எதுவும் கேட்கவில்லை.
தபால்காரப் பெண் அதில்தான் ஏறி வந்தாள்.
பக்கத்திலேயே படிகள்,
பூசிய வண்ணம் தேயாமல்.

ஐம்பது வருடம் ஆகாத மாற்றம்
வரலாறு ஆகாது. விதி அது.
சரிவு 1994.
பங்களிக்காதது என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
கை கொஞ்சம் நின்றது, ஆனாலும் இட்டேன்.
குறிப்புக்கு விட்டிருந்த ஒற்றை வரியில் எழுதினேன்:
சாய்வு சரி. பராமரிப்பு நடக்கிறது.
2044இல் மறுபடி பார்க்கவும்.

இருபத்தைந்து.
கோபுரம் உண்டு. வட்டச் சன்னல் ஒன்று.
அழைப்புமணி வேலை செய்யவில்லை.