இரண்டு மீட்டர்

முதல் அக்ரகாரத்துச் சந்துக்கடையில்
மூன்று ஃப்ளாஷ் எடுத்து வைத்தார் ஜோதிராம்.

பெரியதை மாட்டியதும்
என் குட்டிக் கேமரா குப்புற விழுந்தது.
அடுத்ததற்கு நாலு பேட்டரி;
சட்டைப்பை ஒத்துக்கொள்ளாது.

மூன்றாவது, தீப்பெட்டி.
காதோரக் கொசுவாய் ஙொய்யென்று ஏறி
ஆரஞ்சுப் பொட்டு வைத்துக்கொண்டது.
உள்ளங்கையை நீட்டினார். அடித்தேன்.
"ரெண்டு மீட்டர்தான் எட்டும், பாத்துக்குங்க."

பார்த்துவிட்டேன்.
ஏற்காட்டில் ஐப்பசி ராத்திரி,
எஸ்டேட் கேட்டருகே ரெஜினா.
பெரிய வெளிச்சம் போனமுறை
மூட்டத்தைத்தான் பிடித்தது,
முப்பத்தாறும் வெள்ளை.

எட்டாத மிச்சத்துக்கு
நான்தான் ஓர் எட்டு
முன்னால் வைக்கவேண்டும்.

அறுநூறு என்றார்.
பேட்டரியோடு சேர்த்தா என்று கேட்டேன்,
குரல் நடுங்காமல்.