மூன்றாம் அல்மா

ஹல் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் பள்ளியில்
ஒரே பெஞ்சில் ஐந்து அல்மாக்கள்.
ஒருத்தியைக் கூப்பிட்டால் ஐவரும் எழுவோம்.
வாத்தியாரம்மா ஒரு வாரம் பொறுத்தாள்.
அப்புறம் எண் போட்டுவிட்டாள்.
நான் மூன்றாம் அல்மா.

ஐம்பத்து நான்காம் வருஷம், செப்டம்பரில்,
கிரிமியாவில் ஏதோ ஓர் ஆற்றைத் தாண்டி
நம் படை ஜெயித்ததாம்.
செய்தித்தாள் கைமாறிக் கைமாறிக் கந்தலாவதற்குள்
நிறைமாத வயிறுகளெல்லாம்
பெயரை முடிவு செய்துவிட்டன.
சாராயக்கடைக்கு அல்மா.
சந்துக்கு அல்மா.
நிலக்கரிப் படகு ஒன்றுக்கும்.
எதிர்வீட்டில் பிறந்தது ஆண்பிள்ளை;
அதற்காக விட்டுவிட முடியுமா?
ஹெர்பர்ட் அல்மா பிளெங்கின்,
இன்றுவரை நடுப்பெயரை விழுங்கிவிட்டுத்தான்
கையெழுத்துப் போடுகிறான்.

"ஜெயித்த பெயரடி" என்பாள் அம்மா.

ஜெயித்தவர்களில் அப்பாவும் ஒருவர்.
இடதுகையின் மூன்று விரலை
அடுத்து வந்த குளிருக்குக் கொடுத்துவிட்டு
வீடு திரும்பியபோது எனக்கு ஒன்றரை வயது.
பாவாடையைப் பிடித்து நின்றவளை முன்னால் தள்ளி
"இவள்தான் அல்மா" என்றாளாம் அம்மா.
"யார் வைத்தது?"
கேட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனவர்
இருட்டிய பிறகுதான் உள்ளே வந்தார்.

அதன்பின் அந்தச் சொல்
அவர் வாயில் வந்ததே இல்லை.
ஏ பெண்ணே. இந்தா. அங்கே யாரு.
கடைசிக் காலத்தில் வெறும் இருமல்.
எந்த இருமல் நான் என்று எனக்குத் தெரியும்.
தண்ணீர் கொடுத்தால் மட்டும்
குவளையை ஜன்னல் பக்கம் தூக்கி
ஒரு கணம் பார்ப்பார்.
அப்புறம்தான் குடிப்பார்.

அவர் போன மறுவருஷம்
ஒடெஸாவிலிருந்து கோதுமைக் கப்பல் வந்தது.
சலவைக்குத் துணி கொண்டுவந்த சமையல்காரன்,
செய்தாமெத் என்று பெயர், தாத்தாரியன்,
மூட்டையில் எழுதப் பெயர் கேட்டான்.
சொன்னேன். சிரித்தான்.
தெருவில் போன தள்ளுவண்டியைக் காட்டி
"அல்மா" என்றான். கடிப்பதுபோல் காட்டினான்.
ஆப்பிள்.

அவன் ஊர் அந்த ஆற்றங்கரையாம்.
கரை நெடுக அந்த மரம்தானாம்,
அந்த வருஷம் விறகுக்கு வெட்டும் வரை.
யார் வெட்டினார்கள் என்றேன்.
இரண்டு கையையும் விரித்தான்:
"வந்தவர்கள் எல்லாரும்."

முப்பது வருஷமாக என்னை எல்லாரும்
ஒரு சண்டையின் பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள்.
அது தின்கிற பொருள்.
அன்றைக்குத் துணிக்குச் சோப்புப் போட மறந்துபோனேன்.

இப்போது பள்ளியில் ஓர் அல்மாகூட இல்லை.
மேபல், எதெல், இன்னும் என்னென்னவோ.
என் மகளுக்கு நானும் வைக்கவில்லை.

ஐந்தாம் அல்மா மீன்சந்தையில் இருக்கிறாள்.
அவளிடம் மட்டும் சொன்னேன்.
ஹெர்ரிங் குடலை வழித்தெறிந்துகொண்டே
"நறுக்கி வைத்தால் கறுத்துப்போகுமே, அதுவா?" என்றாள்.
கத்தி நிற்கவில்லை.
இன்னும் நாலு மீன் போன பிறகு
"வண்டிக்காரன் என்ன விலை சொன்னான்?"