ஒரு ஃப்ரேம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டார்கள்.
எனக்கு முன்னால் இரண்டு டிப்பர், ஒரு வைக்கோல் லாரி,
ஹாரனிலிருந்து கையெடுக்காத மன்னார்குடி பஸ்.
ரயில் எந்த ஊரில் நிற்கிறதோ.

நொடிக்கு அறுபது ஃப்ரேம்.
பதினெட்டு நிமிஷம் என்றால்
அறுபத்து நாலாயிரத்து எண்ணூறு.
இதற்குள் எங்கள் சுண்டெலி
கோட்டையை இரண்டு முறை முடித்துவிடும்.

கையில் விளக்கு, முதுகில் மூட்டை,
பதினாறு அறை. கேசட்டில் லேபிள் கிழிந்து
பெயர் பாதிதான் மிச்சம்.

பகலில் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிறேன்.
பதினேழு என்றால் எடை மேடைக்கு,
பதினேழரை என்றால் மறுபடி வெயிலுக்கு.
இரவில் எலி.
ஒரு ஃப்ரேம் நகர்த்து. ஒரு பட்டன் அழுத்து. பார்.
சரியில்லை, சேவ் செய்த இடத்துக்குத் திரும்பு.
எமுலேட்டர் கணக்கு வைத்திருக்கிறது:
நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு முறை
நான் மனசை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

"நீ விளையாடவே இல்லையே" என்றார் எடைக்காரர் வைரக்கண்ணு.
ஆமாம் என்றேன்.
"அப்ப இந்தப் பந்தயத்துல தோத்தது யாரு?"
அதற்கு இன்னும் பதில் தேடுகிறேன்.

சுவரைக் கண்டுபிடித்தது ஜபருல்லா.
ஆறாவது அறையில் இடதும் வலதும்
ஒரே ஃப்ரேமில் அழுத்த வேண்டும்.
ஒரு கட்டைவிரலால் ஆகாத காரியம்.
எந்தப் பக்கம் போவதென்று எலிக்குத் தெரியாது,
எங்கே வைத்துக்கொள்வதென்று சுவருக்குத் தெரியாது,
அந்தப் பக்கம் துப்பிவிடுகிறது.
நாலு மாதத்தில் நாங்கள் கத்தியது அன்று ஒருநாள்தான்.

எட்டு நிமிஷம் நாற்பத்தொரு நொடி.
கூத்தாநல்லூரில் அவன் மொபைல் கடை,
ஷட்டர் பாதி இறக்கியாயிற்று.
அவன் மாமா தொண்ணூற்று மூன்றில்
சிங்கப்பூரிலிருந்து சுமந்து வந்த நிஜப் பெட்டி,
அதில் எங்கள் பட்டன்களைச் சொல்லிக்கொடுக்கும் சின்ன போர்டு.
மெஹராஜ் இறால் வாடா கொண்டுவந்தார், சூடாக.

எட்டு அறை, தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற மாதிரி.
சுவர் துப்பியபோது மெஹராஜ் "யா அல்லா" என்றார்.
ஒன்பதாவது அறையில் ஆந்தை
சாவியைப் போடவில்லை.

எலிக்கு அது தெரியாது.
இல்லாத படியில் ஏறியது.
வராத அம்புக்குக் குனிந்தது.
குழியில் விழுந்து, மூலையில் முகம் இடிக்க,
நாங்கள் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றையும்
ஒரு பிசகில்லாமல் செய்தது.
மீதி நாலரை நிமிஷம்.
அணைக்க யாருக்கும் கை வரவில்லை.
கடைசியில், அரண்மனை வாசலில் போட வேண்டிய
வெற்றிக் குதி மூன்றையும்
அந்த மூலையிலேயே போட்டது.

முதலில் சிரித்தது மெஹராஜ்தான்.
பிறகு ஜபருல்லா, வாயில் வாடாவோடு.
நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்
கொஞ்ச நேரம் பைக்கைத் துடைத்தேன்.

விடிய மூன்று மணிக்குப் பிடிபட்டது.
நிஜப் பெட்டி ஒரு ஃப்ரேம் தாமதமாகக் கண்விழிக்கிறது.
அவ்வளவே.
நாங்கள் அதை எழுப்பும் முன்பே
ஓடத் தொடங்கிவிட்டிருந்தோம்.
தொடக்கத்தில் ஒரு காலி ஃப்ரேம் வைத்தோம்:
எந்தப் பட்டனும் இல்லை, எலி சும்மா நிற்கும்.
ஆந்தை என்ன சொல்கிறதென்று
ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

கூட்ஸ் வருகிறது. நெல் மூட்டைகள்.
நாற்பத்திரண்டு பெட்டி வரை எண்ணி விட்டுவிட்டேன்.
அதில் சிலவற்றின் ஈரம் எனக்குத் தெரிந்திருக்கலாம்.

கேட் உயர்கிறது.
இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே ஃப்ரேமில் பாய்கிறார்கள்,
இடதும் வலதுமாக, தண்டவாளத்தின் நடுவில்.
நான் கியரில் கால் வைத்து
ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு
சும்மா இருந்து பார்க்கிறேன்.
அதிகமாகிவிட்டது போலிருக்கிறது.
பின்னாலிருந்து மினி பஸ்காரர்
என் பரம்பரையை விசாரிக்கிறார்.