இழுப்பறை

ஆண்டுக்குப் பத்து நாள்
எனக்கொரு துப்பாக்கி உண்டு.
கிடங்கின் கம்பிச் சன்னலுக்குள்ளிருந்து
எண்ணை உரக்கச் சொல்லித் தருவான் ஒரு பையன்,
நானும் உரக்கச் சொல்லி வாங்குவேன்.
தூங்கும்போது அதன் வார் என் மணிக்கட்டில்.
கழிவறைக்குப் போனாலும் கூடவே வரும்,
இறக்கிவிட்டால் அழும் பிள்ளை மாதிரி.

சுட்டு முடித்தபின் வெயிலில் வரிசை.
கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துவிடுவோம்,
நாய்க் காதுகளாய்த் தொங்கும்.
‘என்னிடம் தோட்டா இல்லை,
வெற்று உறையும் இல்லை, ஐயா.’
கணக்காளன், டாக்சி ஓட்டுகிறவன், பல் மருத்துவன்
எல்லாருக்கும் ஒரே வாக்கியம்.
ஒருமுறை ஓர் உறை குறைந்தது.
நாற்பது பேர் மண்டியிட்டு
இருட்டும்வரை புல்லைத் தடவினோம்.
சார்ஜண்ட் ஹஃபீஸின் பூட்ஸ் அடிச்சேற்றில் ஒட்டியிருந்தது
சுண்டுவிரல் நீளத்துக்கு.
யாரும் சிரிக்கவில்லை.

இதைச் சொன்னால் ஜெபராஜ் சிரிக்கிறான்,
அரிசோனாவிலிருந்து.
அவனுக்குக் கட்டிலருகே ஒன்று, காரில் ஒன்று.
“ராத்திரி எவனாவது கதவ ஒடச்சா
போலீஸ் வர இருபத்திரண்டு நிமிஷம்டா.
அதுவரைக்கும் காப்பி போட்டுக் குடுக்கவா அவனுக்கு?”
அவன் முட்டாள் இல்லை.
அவன் வீட்டைச் சுற்றி மணல்.
எனக்குச் சுவருக்குச் சுவர் ஆள்,
இருமினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும்.
பதில் தெரியாமல்
பிள்ளைகள் எப்படி என்று கேட்டேன்.
பள்ளியில் விளக்கை அணைத்து
மூச்சுச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் கிடக்கப் பழக்குகிறார்களாம்.
சின்னவள் அதில் கெட்டிக்காரி என்றான்.

போன ஆகஸ்டில், ஈசூனில்.
ஏழாம் மாதத்துப் பேய்களுக்கு எரித்த தாளின் சாம்பல்
பதினோராம் மாடி நடைவழிவரை வந்து கிடந்தது.
மேல்வீட்டில் மூன்று வாரமாக
இரவு இரண்டு மணிக்கு எதையோ இழுக்கிறார்கள்.
ஷாமினிக்கு எட்டாம் மாதம்,
சோபாவில் உட்கார்ந்தபடியே விடிகிறது அவளுக்கு.
இரண்டுமுறை கேட்டுப் பார்த்தேன்,
நகர மன்றத்துக்கும் எழுதினேன்.
அந்த இரவு திரு கோ கதவைத் திறந்து
ஒரு சொல் சொன்னார்.
இங்கே அதை எழுத மாட்டேன்.
என் நிறத்தைப் பற்றியது. பிறகு
என் தாயைப் பற்றியது.

படியிறங்கி வந்தேன்.
வந்த கை, கேட்காமல்,
கூடத்து அலமாரியின் மேல் இழுப்பறையைத் திறந்தது.

எதைத் தேடியது?
முந்நூறு மீட்டரில் குறி தவறாத கை.
அதற்காகப் பரிசுப் பணம் வாங்கிய கை.

உள்ளே
தீர்ந்துபோன பேட்டரிகள், அளவு நாடா,
வங்கி அனுப்பிய நாட்காட்டி,
வெற்று அங்பாவ் உறைகள்,
அதிலொன்று கோ குடும்பத்தின் பெயர் அச்சிட்டது,
ஒரு திருப்புளி.

திருப்புளியைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.
தொட்டில் பூட்டியபோது முனை மழுங்கிய திருப்புளி.
எவ்வளவு தூரம் போக வேண்டும் அதைக்கொண்டு!
படியேற வேண்டும், மணியடிக்க வேண்டும்,
அவர் வேட்டைக்காரன் சட்டை போட்டிருக்க மாட்டார்,
ஓட்டை விழுந்த பனியனில் நிற்பார்,
அவ்வளவு கிட்டத்தில் போய் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உள்ளே போட்டு மூடினேன்.
குழாய்த் தண்ணீர் குடித்தேன்.
மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்:
என் கோபத்தின் ஆயுள் பதினொரு நிமிடம்.
ஜெபராஜின் போலீஸ் பாதி தூரம் வந்திருக்கும்.

காலையில் மின்தூக்கியில் திரு கோ.
இருவரும் மாறும் எண்களைப் பார்த்தோம்.
மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
ஆறாம் மாடியில் தள்ளுவண்டியோடு ஒரு பெண் வர
கதவைத் திறந்தே வைக்கும் பொத்தானை
இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் அழுத்தின.

இன்னும் இழுக்கிறார்கள் மேலே.
என்னவென்று இன்றுவரை தெரியாது.

முந்நூற்று ஐம்பத்தைந்து நாள்
நாடு என்னை நம்புவதில்லை.
இருபது வயதில் அது உறைத்தது.
அந்த இரவு நானும் என்னை நம்பவில்லை;
அந்த ஒன்றில் ஒத்துப்போகிறோம்.
சரியா என்று கேட்காதீர்கள்.
என் குடும்பத்தில் மூவர் தூங்குகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த மாதம் மறுபடி அழைப்பு.
பத்தாம் நாள் மாலை
கம்பிச் சன்னலில் எண்ணை உரக்கச் சொன்னேன்.
பையன் வாங்கி ஏட்டில் குறித்தான்.
எடை போன கை
தானாகக் கொஞ்சம் மேலெழும்பி
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.