ஒரு பில்லுக்கு ரெண்டு மட்டும்

தயாளன் கடையில் துவரம்பருப்பு
கிலோவுக்குப் பத்தொன்பது ரூபாய் கூட.
எனக்கு அது தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது
அவருக்கும் தெரியும்.

பத்தொன்பதில் எட்டு, கடன் கொடுப்பதற்கு.
மூணு, ராத்திரி ஷட்டரைப் பாதி தூக்கி
கொசுவத்தி எடுத்துக் கொடுப்பதற்கு.
மீதி எட்டு
"உன் வூட்டுக்காரன் ஓசூர்லேர்ந்து பணம் போட்டானாமா" என்று
நாலு பேர் நிற்கும்போது கேட்பதற்கு.
கேட்பது அவர், காசு என்னுடையது.
இந்தக் கணக்கு மட்டும் எனக்கு விளங்கியதில்லை.

அவர் நோட்டில் எனக்குப் பெயர் கிடையாது.
'லாட்ஜ்' என்று எழுதி அடியில் ஒரு கோடு.
எதிர்ப் பக்கம் 'பச்சை கேட்'.
அதற்கடுத்தது 'பல்லு டாக்டர் டிரைவர்'.
சிவப்பு மையில் வட்டம் விழுந்துவிட்டால்
"நாளைக்கு வரும்மா சரக்கு" என்பார்,
சரக்கின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு.

இந்த மாசம் சம்பளம் மூணாம் தேதியே வந்தது.
விருப்பாட்சிபுரத்தில் ரெண்டாம் நம்பர் பஸ்,
பொம்பளைக்கு டிக்கெட் காசு இல்லை.
காட்பாடி ரோட்டில் இறங்கிப் போனால்
கண்ணாடிக் கதவு தானே திறக்கிறது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அது எவ்வளவு நன்றாயிருந்தது என்று
சொல்லக் கூச்சமாயிருக்கிறது.
நாளெல்லாம் நோயாளிகளோடு வந்தவர்களின் போர்வையை
உதறி மடிக்கிற கை
குளிர்ந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு
பிஸ்கட் வரிசையில் சும்மாவே
ரெண்டு முறை போய் வந்தது.

எண்ணெய் நூற்றுப் பதினெட்டு.
தயாளனிடம் நூற்று நாற்பது.
மேலே அட்டை தொங்கியது:
ஒரு பில்லுக்கு ரெண்டு மட்டும்.
என் பைக்கு ஒன்றுதான் தாங்கும்.

பில் போடும் இடத்தில் எனக்கு முன்னால்
காலரைத் திருப்பித் தைத்த ஒரு நீலச் சட்டை.
அந்த முதுகை நான் பார்த்ததே இல்லை,
தராசுக்கு மேலே இருக்கும் முகத்தை மட்டும்தான்.
திரும்பினார்.

அவர் வண்டியில் சோப்பு, டீத்தூள்,
நாப்கின் கட்டு, ரெண்டு எண்ணெய்.
என் வண்டியை மறைக்க இடம் தேடினேன்.
அவரும் தேடினார்.
நடுவே ஒரு சாக்லேட் ஸ்டாண்டு இருந்தது,
அதற்குப் பின்னால் ஒரு ஆள் நிற்க முடியாது.

"மொத்தக் கடையில இந்த வெலைக்குத் தரமாட்டேன்றான்" என்றார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து, குரலை இறக்கி,
"ஒண்ணுதானே எடுத்துகீறே.
உன் பில்லுல இன்னொண்ணு சேத்துக்கிறியா?"

நூற்றிருபது கொடுத்தார்.
என்னிடம் ரெண்டு ரூபாய் சில்லறை இல்லை.
அவர் கடையாயிருந்தால் ஒரு மிட்டாயில் முடிந்திருக்கும்.
டிவிஎஸ்ஸில் கால் வைக்கக்கூட இடமில்லை,
நீயே கொண்டாந்துடு என்றார்.
பஸ்ஸில் என் மடியில் வந்தது அவர் எண்ணெய்.
மஞ்சள்தூள் பொட்டலம் பிரிந்து
பாக்கெட்டின் ஒரு மூலை மஞ்சளாயிற்று.

பத்தொன்பதாம் தேதி.
கொழுந்தன் வீட்டார் ஐந்து பேர் வந்து
வாழைக்காய் பஜ்ஜி கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.
என் எண்ணெய் தீர்ந்தது.

கடையில் கூட்டம்.
பின்னால் கைவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார்.
விலைச் சீட்டை நகத்தால் சுரண்டியிருந்தது.
மூலையில் மஞ்சள்.
நான் அதைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
யாரோ அவசரமாக அரை கிலோ ரவை கேட்டார்கள்.

நோட்டைத் திருப்பி எழுதினார்:
எண்ணெய் ஒன்று, நூற்று நாற்பத்திரண்டு.
நிமிர்ந்தேன்.
"அன்னிக்கு ரெண்டு ரூபா பாக்கி" என்றார்.

சரிதான்.
ஓசூரைப் பற்றிக் கேட்பார் என்று
பையைச் சுருட்டிக்கொண்டு கொஞ்சம் நின்றேன்.
ரவை நிறுத்துக்கொண்டிருந்தார்.