நூற்றுக்கு ஒன்று

வெந்த இடத்தை அளக்க
எங்கள் வாட்டில் அடிமட்டம் கிடையாது.
பிள்ளையின் உள்ளங்கை, விரல்களும் சேர்த்து:
அது அந்தப் பிள்ளையின் உடம்பில் நூற்றுக்கு ஒன்று.
என் கை உதவாது. டொக்டரின் கை உதவாது.
அஸ்மிலாவுக்கு அஸ்மிலாவின் கைதான்.

வலது கை கேத்தில் தண்ணியில் அவிந்திருந்தது.
இடது கையைக் கடுதாசியில் வைத்து
பேனையால் சுற்றி வரைந்தேன்.
கூசுது மிஸ்ஸி, என்றாள்
அழுகையின் நடுவில்.
அந்தக் கடுதாசிக் கையைத் தொடாமல்
மேலே பிடித்துப் பிடித்து எண்ணினோம்.
கழுத்தில் ஒன்று. மார்பில் நாலு,
இல்லை, நாலரை.
பதின்மூன்றில் நின்றது.

நோன்பு திறக்க ஐந்து நிமிடம் இருந்ததாம்.
யாரோ பற்பசை பூசியிருந்தார்கள்.
கிண்ணியாப் பாலத்தில் ஓட்டோ நின்றுவிட்டதாம்.
உம்மா இதை எனக்குச் சொல்லவில்லை,
செருப்பில்லாத கால்களைப் பார்த்து
நான்தான் கேட்டேன்.
அவள் அன்றைக்கு நோன்பை எதனால் திறந்தாள் என்று
கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காலை ஒன்பது மணி எல்லோருக்கும் தெரியும்,
மணிக்கூடு பார்க்கத் தெரியாத பிள்ளைகளுக்கும்.
மருந்து வண்டியின் ஒரு சில்லு கிறீச்சிடும்.
எண்ணெய் விடச் சொல்லி
இரண்டு தரம் கடிதம் கொடுத்தேன்.
பிறகு நானே வேண்டாம் என்றேன்.
சத்தமில்லாமல் வரும் வலி
அதைவிட மோசம்.

பத்து வரை எண்ணச் சொன்னால் அவள் எண்ணமாட்டாள்.
பத்துக்குப் பிறகும் நோகும் என்று
முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.
ஆகவே பஸ்ஸில் போனோம்.
சேலைன் ஊற்றி முதல் சுற்றை நனைக்கும்போது கிண்ணியா.
பஞ்சு எடுபடும்போது வெள்ளைமணல்.
ஒட்டிய துணி தோலோடு வரும் இடம்
சீனக்குடா, அங்கே பஸ் கனநேரம் நிற்கும்.
புதுக்கட்டு முடியப் பாலையூற்று.
ஒருநாள் சீனக்குடாவில் அலறி
என் மணிக்கட்டைக் கடித்தாள்.
சரி, இறங்கு, என்றேன்.
திரும்பக் கிண்ணியாவிலிருந்து ஏறினோம்.

கன்னியாக் கிணத்துத் தண்ணியும் சுடும்தானே,
அதில குளிக்கிற ஆக்கள் ஏன் அவியிறதில்ல?
ஏழு கிணறு, ஏழு விதச் சூடு, என்றேன்,
அது பதிலே இல்லை என்று தெரிந்துகொண்டு.
எங்கட கேத்தில் எட்டாவது, என்றாள்.

வாப்பா கடல்தொழில்.
ஒன்பது நாள் கட்டில் காலைப் பிடித்தபடி
ஒரு சொல் பேசாமல் நின்ற மனிதர்.
தொடையில் தோல் எடுத்து
மெஷினில் கொடுத்துத் துளையிட்டு
வலைபோல் இழுத்துப் போடுவோம்,
கொஞ்சத் தோல் கூட இடத்தை மூடும்,
டொக்டர் விதானகே தன் உடைந்த தமிழில் விளக்க,
அவர் தலை நிமிர்ந்தது.
கண் எத்தின அளவு சேர்?
டொக்டருக்கு விளங்கவில்லை.
வலைக்கண், என்று நான் சொன்னேன்.
டொக்டர் பேனை மூடியைத் திருப்பி
அதன் நுனித் துளையைக் காட்டினார்.
நெத்தலி வலை, என்றார் வாப்பா.
ஒண்டும் தப்பாது.
அன்றைக்குத்தான் அவர் போய்ச் சோறு சாப்பிட்டார்.

சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது.
பிள்ளை வளரும்,
வடு வளராது.
ஒவ்வொரு பெருநாள் சட்டையும் கட்டையாகும்போது
கழுத்துத் தோலும் கட்டையாகும்,
தாடையைக் கீழே இழுக்கும்.
திரும்ப வெட்டவேண்டும். திரும்பவும்.
உம்மாவிடம் இதை ஒரே நாளில் சொல்லவில்லை.
மாதம் மாதமாகப் பிரித்துக் கொடுத்தேன்,
கிளினிக் துண்டோடு சேர்த்து.

இன்று செவ்வாய். அவளுக்கு எட்டு வயது.
வெளியே மருந்துக் கியூவுக்குள்
ஒரு மான் வந்து நிற்கிறது,
யாரும் விரட்டவில்லை.
பைலைத் திறந்தேன்.
பழைய கடுதாசிக் கைமேல்
தன் கையை வைத்துப் பார்த்தாள்.
விரல்நுனிகள் கோட்டுக்கு வெளியே.
அப்ப இது இப்ப எத்தின?
இப்பவும் ஒன்றுதான், என்றேன்.
நம்பவில்லை.

இதை வீட்ட கொண்டு போகட்டா?
ஆஸ்பத்திரிச் சாமான், குடுக்கேலாது.
புதிதாக ஒன்று வரைந்து தருகிறேன், வை.
வலது கையை வைத்தாள்.
சுண்டுவிரல் நிமிராது,
வளைந்தபடியே சுற்றி வந்தேன்.

கூசுதா?
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
சுண்டுவிரல்ல மட்டும் இல்ல மிஸ்ஸி.