கொழுத்த எலும்புக்கூடு

அக்டோபர் முப்பத்தொன்றில்
எங்கள் வீடு ஆளில்லாத வீடு.
அப்பா வாசல் விளக்கை அணைப்பார், பிறகு கூடத்து விளக்கை.
ஃப்ரிட்ஜ் திறந்தால் வெளிச்சம் வருமென்று
ஐந்து மணிக்கே சாப்பாடு முடிந்திருக்கும்.
ஆறு மணிக்கு நால்வரும்
சமையலறைத் தரையில் குப்புறப் படுத்திருப்போம்.
அழைப்பு மணி அடிக்கும்.
அம்மா தம்பி ஹாக்கனின் வாயைப் பொத்துவாள்.
அவனுக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது.

பேய்க்குப் பயந்தல்ல,
பேயைக் கொண்டாடக் கூடாதென்று.
ஆனால் இருட்டில் மூச்சடக்கிக் கிடந்தவர்கள் நாங்கள்;
விளக்கேந்தித் தெருவில் நடந்தவை பேய்கள்.
ஒருமுறை அப்பாவிடம் இதைச் சொன்னேன்.
போதகர், எதற்கும் பதில் வைத்திருப்பவர்.
அன்று, "வாயை மூடிப் படு, சோல்வெய்க்" என்றார்.
காலையில் கதவிடுக்கில் யாரோ செருகிய ஒரு மிட்டாய்.
அம்மா அதை இடுக்கியால் எடுத்தாள்.

இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு.
டுலூத்தில், ஏரியைப் பார்த்த சரிவில் வீடு.
சாகப்போகிறவர்களைப் பார்த்துக்கொள்வது வேலை.
நேற்றிரவு மூன்று மணிக்கு
வெஸ்ட்காட் போனார்.
தாடையைத் தூக்கிக் கட்டினேன்,
மோதிரத்தைக் கழற்றி உறையிலிட்டுப் பெயரெழுதினேன்.
வீடு திரும்பும் வழியெல்லாம்
புல்வெளிகளில் பிளாஸ்டிக் மண்டையோடுகள்,
இருபது டாலருக்கு ஒரு கல்லறை.
மரணத்துக்கு
அவ்வளவு நல்ல பற்கள் கிடையாது.

எதிர்வீட்டு லெராய்
மேப்பிள் மரத்தில் ஒரு பொம்மையைத் தொங்கவிட்டிருந்தான்,
கழுத்தில் கயிறிட்டு.
கதவைத் தட்டி, "கழற்று" என்றேன்.
"சர்ச்சுக்காரங்களுக்கு எல்லாமே பாவம்தானே" என்றான்.
சர்ச்சுக்காரியாக வரவில்லை என்றேன்.
நூறு வருஷம் முன்பு இதே ஊரில்
மூன்று கறுப்பர்களை விளக்குக் கம்பத்தில் தூக்கினார்கள்.
கூடி நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.
அந்தப் படத்தில்
யாரும் முகமூடி போட்டிருக்கவில்லை.
லெராய் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு ஏணியைக் கொண்டுவந்தான்.
பொம்மை இப்போது அவன் முற்றத்தில்
நாற்காலியில், கால்மேல் கால் போட்டு.

சபையிலிருந்து வெர்னா
துண்டுப் பிரசுரக் கட்டொன்று அனுப்பியிருந்தாள்,
அட்டையில் நரகம், நான்கு வண்ணத்தில்.
ஏழு வயதுக் கையில் வைக்க
நரகமா, சாக்லேட்டா?
இதற்கு ஜெபம் தேவைப்படவில்லை.
ஆனாலும் பறங்கிக்காயில் முகம் வெட்ட
இன்னும் கை வரவில்லை.
வாங்கியதை அப்படியே, முகமில்லாமல்,
படியில் வைத்தேன். விளக்கைப் போட்டேன்.
சுவிட்சில் விரல் கொஞ்சம் நின்றது
என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பனி தூற ஆரம்பித்தபோது முதல் மணி.
கம்பளிக் கோட்டின்மேல் இழுத்து மாட்டிய எலும்புக்கூடு,
விலா எலும்புகள் விரிந்து, தொப்பை தள்ளி,
மூக்கு ஒழுக.
இந்த ஊர்க் குளிரில்
எலும்பும் சதைபோட்டுத்தான் வெளியே வரவேண்டும்.
வறண்ட எலும்புகள் எழுந்து நிற்குமென்று
அப்பா எத்தனை ஞாயிறுகள் பிரசங்கித்திருப்பார்!
வாசலில் ஒன்று நின்று மூக்கை உறிஞ்சியது.
"நீங்க என்ன வேஷம்?"
ஆஸ்பத்திரி நீலத்தைக் கழற்ற மறந்திருந்தேன்.
"நர்ஸ்."
"அது பயமாவே இல்லையே" என்று
இரண்டு எடுத்துக்கொண்டு போனது.

நாளை பரிசுத்தவான்களின் நாள்.
இவ்வருஷம் இறந்தவர்களின் பெயர் வாசித்து
ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி அடிப்போம்.
வெஸ்ட்காட் எந்தச் சபைக்கும் போனவரில்லை.
சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.
கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு
சமையலறைத் தரையில் கொஞ்சம் படுத்துப் பார்த்தேன்.
ஜில்லென்றிருந்தது.
அப்பாவுக்கும் முழங்கால் வலித்திருக்கும்.
எங்களை எதிலிருந்தோ காப்பதாக
மனதார நம்பித்தான் அங்கே கிடந்தார்.

மணி அடித்தது.
இருட்டு வீட்டில் ஆளிருப்பது எப்படித் தெரிந்ததோ,
எழுந்துபோய்த் திறந்தேன்.
மீசை அரும்பிய ஒரு பையன், வேஷம் எதுவுமில்லை,
மளிகைக்கடைப் பையை விரித்தபடி,
தரையைப் பார்த்துக்கொண்டு.
கிண்ணத்தில் நான்கு மிச்சம்.
கவிழ்த்தேன்.